போட்டிக்குப் போன பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இதை எழுதுகிறேன். என் மகள் அங்கே பத்தாம் வகுப்பு படிக்கிறாள், 17 வயதுக்குட்பட்டோர் கபடி அணியில் ஆடுகிறாள். மண்டலப் போட்டிக்கு முன்பு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைத் திருத்தக் கோரி எங்கள் குழு தீர்மானம் போட்டுத் தலைமையாசிரியர் வழியாக அனுப்பியது. பதில் இல்லை. நேரில் வந்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பிரிவில் சொன்னார்கள். மாநிலப் போட்டிக்குப் பிள்ளைகள் கிளம்பப் போகிறார்கள், பரிசீலனை இன்னும் முடியவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள். போட்டிக்குச் செல்லும் மாணவியர் எவ்வகைக் கைபேசியும் கொண்டுவரக் கூடாது, மீறினால் பறிமுதல், அந்த மாணவி அணியிலிருந்து நீக்கம். இது முதலாவது. போட்டி நடக்கும் இடத்துக்கு வந்து செல்வது பெற்றோரின் சொந்தப் பொறுப்பு, வழியில் எது நடந்தாலும் பள்ளியோ துறையோ பொறுப்பாகாது என்று பெற்றோர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இது இரண்டாவது. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடலாம். சேர்த்துப் படித்துப் பாருங்கள். பிள்ளை வரும் வழிக்கு நாங்கள் பொறுப்பு, ஆனால் அந்த வழியில் அவளிடம் பேச எங்களுக்கு வழி இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவருக்கு இது உறுத்தவில்லையா?

வகுப்பறையில் கைபேசி வேண்டாம் என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. எங்கள் குழுவில் யாருக்குமே இல்லை. 2020-ல் பள்ளிகள் மூடியபோது பாடம் இனிமேல் போனில்தான் என்று சொல்லி எங்களை வாங்க வைத்தீர்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பள்ளி திறந்தபிறகு அதே போனைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்க நாங்கள் பட்ட பாட்டை எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், படிப்புக்கு உதவாத இடத்தில் கைபேசி கவனத்தைக் கெடுக்கிறது என்றுதான் சொல்கிறது. காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி வரை போன் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட முதல் ஆளாக நிற்பேன்.

ஆனால் மாலை மணி அடித்ததும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுகிறாள். போட்டிக்குப் போனவள் வருவதில்லை. பள்ளிக்கூடத்து விதியை நான்கு சுவருக்குள் வைத்து எழுதிவிட்டு, அதையே மாவட்டம் தாண்டிப் போகிற பயணத்துக்கும் மாட்டிவிட்டிருக்கிறீர்கள்.

இந்தத் தடை எதனால் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் பெண் பிள்ளைகள் தங்கியிருந்த அறையில் எடுத்த ரீல்ஸ் வெளியே சுற்றியது. அதைப் பார்த்துப் பதறியவர்களில் நானும் ஒருத்தி. தங்கும் அறையில், உடை மாற்றும் இடத்தில் கேமரா இருக்கவே கூடாது. அதற்கு நீங்கள் எவ்வளவு கடுமையாக விதி போட்டாலும் தகும். நான் கேட்பது வேறு. ஆயிரத்தைந்நூறு ரூபாய் பட்டன் போனால் என்ன ரீல்ஸ் எடுக்க முடியும்? அதையும் சேர்த்துத் தடுத்ததற்குக் காரணம் என்ன? இதை உங்கள் அலுவலகத்தில் கேட்டேன். ‘விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா’ என்றார்கள். அது பதிலா?

இன்னொன்றையும் யோசியுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417 என்று எங்கள் பள்ளிச் சுவரிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. காவலர்கள் வந்து ‘காவல் உதவி’ செயலியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே பிள்ளையை அறிமுகமில்லாத ஊருக்குப் போனில்லாமல் அனுப்பினால் அந்த எண்களை அவள் எதிலிருந்து அழைப்பாள்? ஒரு ரூபாய் காயின் பூத் எல்லாம் பெட்டிக்கடை வாசலை விட்டுப் போய் எவ்வளவு காலம் ஆயிற்று! முன்பின் தெரியாத ஆளிடம் ‘அண்ணா, ஒரு போன் பண்ணிக்கிறேன்’ என்று கேட்டு நிற்பதுதான் வழி. அப்படிக் கேட்காதே என்றுதான் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம்.

பயணம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் அந்தப் பேருந்துகளில் ஏறியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குறுவட்டப் போட்டி பக்கத்து ஊரில் நடக்கும், சிரமமில்லை. மாவட்டப் போட்டியும் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் மண்டலம் என்றால் வெளி மாவட்டம். மாணவருக்கான இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான் செல்லும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் புண்ணியத்தில்தான் எங்கள் அணியே ஓடுகிறது. மண்டலப் போட்டிக்கு நேராகப் போகும் புறநகர்ப் பேருந்தில் ஏறினால் ஆளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் எங்கள் பி.டி. சார் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றி, ஒரு ஊரில் இறக்கி, அடுத்த டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அடுத்த ஊரில் இறக்கி, இப்படியே ஊர் ஊராக மாறி அழைத்துப் போகிறார். நேர்ப் பேருந்து போகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகும். விடியுமுன் கிளம்பி மைதானத்தில் இறங்கும்போது பிள்ளைகளுக்குக் கால் மரத்திருக்கும். எதிரணி தனியார் பள்ளி. அவர்கள் தங்கள் பேருந்தில் வந்து இறங்கி, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நிற்பார்கள். தோற்றால் பயிற்சி போதவில்லை என்று எழுதுவீர்கள்.

பையன்களுக்கு அந்த டவுன் பஸ் சலுகையும் இல்லை. பக்கத்து ஆண்கள் பள்ளியில் அவர்களை ஒரு முறை குட்டியானையில் நிற்க வைத்து ஏற்றிப் போனார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். இது அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேறு வண்டி வைக்கக் காசில்லை என்பதும் தெரியும்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் அடித்தள ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே சிறப்பு விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, கூட ஒரு உதவியாளர் என்று எத்தனையோ. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அதிகாரிகள் தனியார் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். நல்ல காரியம். பேருந்தே இல்லாத அரசுப் பள்ளிக்கு அந்த விதிகளால் என்ன பயன்? பேருந்து வைத்திருப்பவனுக்கு அத்தனை கட்டுப்பாடு, வைக்காதவருக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை, அதுவும் அந்த வைக்காதவர் அரசாகவே இருக்கும்போது.

இனி மண்டலப் போட்டி நாளுக்கு வருகிறேன். ஆட்டங்கள் தாமதமாகத் தொடங்கின, அரையிறுதி இருட்டும் நேரத்தில்தான் முடிந்தது. வழியில் மாற வேண்டிய கடைசி டவுன் பஸ் போய்விட்டது. சாரின் போன் காலையிலிருந்து ஆன்லைனில் பெயர் ஏற்றுவதற்கும், மதிப்பெண் தாளைப் படம் எடுத்து அனுப்புவதற்கும், உங்கள் அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் புகைப்படம் போடுவதற்குமே ஓடிக் களைத்து அணைந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. பதிவுக்கு வேண்டிய படமெல்லாம் உங்களுக்கு வந்து சேர்ந்தது, பிள்ளை எங்கே என்ற சேதி மட்டும் எங்களுக்கு வரவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அப்பாக்களும் அம்மாக்களும் நின்றோம். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தோம். தலைமையாசிரியரை அழைத்தால் அவருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், பிள்ளை பாட்டியோடு இருக்கிறாள். அந்த அம்மா திருப்பூரிலிருந்து நிமிடத்துக்கொரு முறை எனக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். என்ன சொல்வேன்? காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று கிளம்பிய நேரத்தில், ஒரு டீக்கடைக்காரர் போனிலிருந்து சார் அழைத்தார். வேன் ஒன்றைப் பேசி, தன் கைக்காசைக் கொடுத்து, நள்ளிரவு நெருங்கும்போது கொண்டுவந்து சேர்த்தார்.

அன்று நடந்த இன்னொன்றை என் மகள் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். அணியில் ஒரு பிள்ளைக்கு ஆட்டத்துக்கு நடுவில் மாதவிலக்கு வந்துவிட்டது. கூட வந்தவர் ஆண் ஆசிரியர் ஒருவர்தான். வரவேண்டிய ஆசிரியை வாக்காளர் பட்டியல் பணிக்குப் போயிருந்தார். சாரிடம் சொல்லக் கூச்சம், அம்மாவிடம் சொல்லப் போனில்லை. ஜெர்சியை இடுப்பில் கட்டிக்கொண்டே பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஜெர்சிகளைத் தைத்தது நான்தான். கடையில் வந்த மற்றத் துணிகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தைத்தேன். எதற்குத் தைத்தோம் என்றிருந்தது.

இதையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் சொன்னபோது கிடைத்த பதில், ‘அதான் ஒண்ணும் ஆகலையே’. ஒன்றும் ஆகாமல் போனதில் துறையின் ஏற்பாடு என்ன இருந்தது? ஒரு ஆசிரியரின் சட்டைப்பையும் ஒரு டீக்கடைக்காரரின் போனும் இருந்தன. தயவுசெய்து இந்த மடலைக் காட்டி அந்த ஆசிரியருக்கு 17-பி என்று ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை கொடுத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாடுவதே அவரால்தான். அவர் மேல் நடவடிக்கை என்றால் பெற்றோர் அத்தனை பேரும் உங்கள் அலுவலக வாசலில் வந்து உட்காருவோம்.

பொறுப்பில்லை என்று எழுதி வாங்கும் அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். 1995-ல் வட இந்தியாவில் பியாஸ் ஆற்றங்கரைக்கு உலாப்போன பள்ளிப் பிள்ளைகள் 14 பேர் மூழ்கி இறந்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அழைத்துச் சென்ற ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. பிள்ளை ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. பள்ளியின் பெயரில், பள்ளிக்காக, பள்ளியின் ஆசிரியரோடு போகிற பிள்ளைக்குப் பள்ளி பொறுப்பில்லை என்பது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதால் உண்மையாகிவிடாது. பிறகு எதற்கு அந்தத் தாள்? பெற்றோர் நீதிமன்றம் போகாமல் தடுக்கத்தான். படிக்காத தாய்மார்கள் பலர் அதைப் போட்டி விண்ணப்பம் என்று நினைத்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடாத பிள்ளையை அணியில் சேர்க்கவில்லை. இதற்குச் சம்மதக் கடிதம் என்று பெயர்.

கைபேசி பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்தில் சில நெறிகளைச் சொன்னது. வகுப்பில் கைபேசி கூடாது, பள்ளி வளாகத்திலும் வாகனத்திலும் படம்பிடிப்பது கூடாது. ஆனால் முழுத்தடை நடைமுறைக்கு ஒவ்வாது, பிள்ளையின் பாதுகாப்புக்காகத் தொடர்பு கொள்ள அனுமதிக்க வேண்டும், இயன்றால் காலையில் வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தரலாம், விதியைப் பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்து வகுக்க வேண்டும், தண்டனை அளவுக்கு மீறக் கூடாது என்றது. டெல்லித் தீர்ப்பு நம் மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது, அது எனக்குத் தெரியும். அதில் உள்ள புத்தி எந்த ஊருக்கும் பொருந்தும். பட்டன் போன் வைத்திருந்ததற்காக ஒரு பிள்ளையை அணியிலிருந்தே நீக்குவது அளவுக்கு மீறிய தண்டனையா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பெற்றோரைக் கலந்து என்று சொன்னேன். கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது ஊர் ஊராகத் தமுக்கு அடிக்காத குறையாக எங்களைக் கூப்பிட்டீர்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சுற்றுச்சுவர் எங்கே இடிந்திருக்கிறது, இடைநின்ற பிள்ளையை எப்படித் திரும்ப அழைத்து வருவது என்பதற்கெல்லாம் நாங்கள் வேண்டும். எங்கள் பெண்கள் எப்படிப் பயணம் போக வேண்டும் என்பதற்கு மட்டும் நாங்கள் வேண்டாமா? சுற்றறிக்கை வந்த பிறகுதான், அதுவும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான், எங்களுக்கே தெரிந்தது. கைபேசித் தடையைக் கைபேசியில் அனுப்பியதற்குச் சிரிக்கத்தான் முடிந்தது.

பணம் இல்லை என்பீர்கள். இருக்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் விளையாட்டுக்கென்று உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை தர இடமிருக்கிறது. அது உபகரணத்துக்கு. பந்து வாங்கலாம், வலை வாங்கலாம், பந்தோடு பிள்ளையை ஏற்றிச் செல்ல முடியாது. கபடிக்கு வாங்க அப்படி என்ன இருக்கிறது என்று எங்கள் பி.டி. சார் கேட்பார், அதற்கும் பதில் கிடையாது. ஆனால் இந்த மாவட்டத்தில் தனியார் பள்ளிப் பேருந்துகள் சனி ஞாயிறுகளில் சும்மா நிற்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகம் தனி வாடகைக்குப் பேருந்து தருகிறது. ஆட்சியர் தலைமையில் ஒரு கூட்டம் போட்டால் தீராத விஷயமா இது? செலவில் ஒரு பங்கை ஊரில் திரட்டித் தரவும் எங்கள் குழு தயார் என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தோம். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எங்களைப் போன்றவர்கள் இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பிள்ளையை அனுப்புகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டில் சான்றிதழ் வாங்கினால் கல்லூரியில் இடம், அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு என்று ஒரு நம்பிக்கை. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் வென்ற அணியில் ஆளுக்கு 75,000 ரூபாய் என்றால் எங்கள் வீட்டில் அது ஒரு வருட வாடகைக்கு மேல். 2025 அக்டோபரில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற செய்தியை என் மகள் வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதிகாரிகள் எல்லோரும் அன்று வாழ்த்துச் சொன்னீர்கள். அடுத்த கார்த்திகா எந்தப் பஸ்ஸில் ஏறி வருகிறாள் என்றும் பாருங்கள். அலுவலகத் தவறுக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பது புதிதும் இல்லை. 2023 ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் 200-க்கும் மேற்பட்டோர் போக முடியாமலே போனது, தகவல் உரிய நேரத்தில் உரியவருக்குப் போய்ச் சேராததால்தான்.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

பொறுப்பில்லை என்ற கடிதத்தை உடனே ரத்து செய்யுங்கள், இதுவரை வாங்கியவற்றைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பதிலாகப் பயண விவரத் தாள் ஒன்றைக் கொடுங்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே தங்குவார்கள், யார் கூட வருகிறார், அவர் எண் என்ன என்பது அதில் இருக்கட்டும்.

வகுப்பறைத் தடை அப்படியே இருக்கட்டும். வெளியூர்ப் பயணத்தில் கேமரா இல்லாத போனை அனுமதியுங்கள். ஆசிரியர் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும், ஆட்டம் முடிந்ததும், திரும்பக் கிளம்பும்போதும் பேசக் கொடுக்கட்டும். அதுவும் கூடாதென்றால் அணிக்கென்று துறைச் செலவில் ஒரு போன் வாங்கி, ரீசார்ஜ் செய்து, அதன் எண்ணை எல்லாப் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். அந்தப் போனை மதிப்பெண் ஏற்றவோ புகைப்படம் அனுப்பவோ யாரும் தொடக் கூடாது. போன் வைத்திருந்ததற்காக அணியிலிருந்து நீக்குவது என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் அணி எதுவும் ஆசிரியை ஒருவர் இல்லாமல் மாவட்டம் தாண்டக் கூடாது. அவர் பெயரை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாட்களில் அவருக்கு வேறு பணி போடாதீர்கள். ஆசிரியை கிடைக்காவிட்டால் எங்கள் குழுவிலிருந்து ஒரு தாய் கூட வர அனுமதியுங்கள், செலவை அவரே பார்த்துக்கொள்வார். கைவசம் நாப்கினும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று எழுத்திலேயே போடுங்கள்.

மண்டல, மாநிலப் போட்டிகளுக்கு அணியை அழைத்துச் செல்ல வாகன ஏற்பாடு துறையுடையது என்று ஆணை வேண்டும், ஆண்கள் பள்ளிக்கும் சேர்த்து. சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். மண்டலப் போட்டிக்கு ஆசிரியர் கொடுத்த வேன் வாடகையைக் கணக்குப் பார்த்து அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

மாநிலப் போட்டிக்கு அணி கிளம்புவதற்கு முன் எங்கள் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நீங்களோ உங்கள் பிரதிநிதியோ வர வேண்டும், எழுத்தில் பதில் தர வேண்டும். இந்த மடலின் நகலை வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளப் போகிறோம். அதற்கு முன்பே உங்கள் பதில் வந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்போம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
கபடி அணிப் பெற்றோர் சார்பாக